புள்ளிக்கு மருந்து கொடு, நிறத்தில் கை வைக்காதே

“முகத்துல கறுப்பு விழுந்திருக்கு, ஏதாவது க்ரீம் குடுங்க.”

மருந்துக் கடையில் இந்த ஒரு வாக்கியம் போதும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்து திரும்பும் பெண்ணும் இதைச் சொல்கிறார். சிப்காட் ஆலையில் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இருபது வயதுப் பெண்ணும் இதைச் சொல்கிறார். பெரும்பாலும் யாரும் சீட்டு கேட்பதில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, வெயிலில் வேலையா, கர்ப்பமா, சர்க்கரை உண்டா என்ற கேள்விகளும் கிடையாது. ஒரு சின்னக் குழாய் மேசைக்கு வருகிறது. பத்து நாளில் முகம் ‘தெளிந்து’ விடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே குழாயை வாங்குகிறார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தப் பகுதி கடந்த சில ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை கட்டிய ஓலா நிறுவனம், பத்தாயிரம் பெண்கள், முழுக்கப் பெண்களே நடத்தும் ஆலை என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. பர்கூரில் காலணி, ஓசூர்ப் பக்கம் மின்னணு என்று ஆலைகள் பெண்களைத் தேடித் தேடி எடுக்கின்றன. மாந்தோப்பிலும் களத்துமேட்டிலும் கூலி வேலை செய்த குடும்பங்களிலிருந்து முதன்முறையாக மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் இவர்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு முகத்தை வெளுக்க வைக்கும் குழாய்க்குப் போகிறது. அது ஏன் போகிறது, யார் பறித்துக்கொள்கிறார்கள் என்று கேட்பது சாதி ஒழிப்பு இயக்கத்தின் வேலை. நாம் இதுவரை அதைச் சரியாகக் கேட்கவில்லை.

குழாய்க்குள் இருப்பது

சீட்டில்லாமல் கைமாறும் அந்தக் குழாய்களில் பரவலானது மூன்று மருந்துகளின் கலவை: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். முதலாவது, தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கும். இரண்டாவது மேல்தோலை உரிக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. மங்கு என்று நாம் சொல்லும் மெலாஸ்மாவுக்குத் தோல் மருத்துவர் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு இதை எழுதித் தருவதுண்டு. நேரில் பார்த்து, அளவு சொல்லி, நிறுத்தும் தேதி சொல்லித் தரவேண்டிய மருந்து இது. இதையே தினமும் முகம் முழுக்கப் பவுடர் போலப் பூசுகிறார்கள்.

முதல் சில வாரங்கள் முகம் வெளுக்கும், பரு அடங்கும். பிறகு தோல் மெலியும். கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும். அடங்கிய பரு இரண்டு மடங்காகக் கிளம்பும். மீசை தாடி இடங்களில் முடி முளைக்கும். வெயில் பட்டால் எரியும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கி முன்பைவிடக் கறுக்கும், மறுபடியும் அதே குழாயைத் தேடி ஓட வேண்டியிருக்கும். தோல் மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்டீராய்டு சிதைத்த முகம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்கு நீலம் பாய்ந்த கறுப்பு படியும் ஆபத்தும் உண்டு. ஓக்ரோனோசிஸ் எனப்படும் அதை நீக்குவது மிகக் கடினம். புள்ளியைப் போக்கப் பூசியதே போகாத புள்ளியாகி விடுகிறது.

இது எத்தனை பரவலானது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் நாட்டின் பல மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், ஸ்டீராய்டு க்ரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். 59 விழுக்காட்டினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. 29 விழுக்காட்டினர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ முகத்துக்குப் பொதுவாகவோ பூசினார்கள்.

தோல் மருத்துவர் சங்கம் நீதிமன்றம் வரை போன பிறகுதான், 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பதே அதன் பொருள். ஆணை காகிதத்தில் இருக்கிறது, குழாய் மேசையில் இருக்கிறது.

பெயரே இல்லாத க்ரீம்கள் இதைவிட மோசம். அழகு நிலையத்திலும் வாட்ஸ்அப்பிலும் டப்பாவில் போட்டு விற்கப்படுபவற்றில் பாதரசம் இருக்கக்கூடும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில், 15 பேருக்கு அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது. இந்தியாவின் 2020 ஒப்பனைப் பொருள் விதிகள், தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கின்றன (கண் ஒப்பனைப் பொருட்களுக்கு மட்டும் தனி வரம்பு). முகவரியே இல்லாத டப்பாவை எந்த விதி போய்ப் பிடிக்கும்?

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு

1975ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யை இந்தியச் சந்தையில் இறக்கியது. அதே ஆண்டில்தான் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் அவருடைய சக ஆய்வாளரும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த சூத்திரத்தை வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்க் கடையில் கைமாறும் குழாய்க்கு அதுவே முன்னோடி. மங்குக்கு உதவும் என்று சொன்ன அதே கட்டுரை, நோயில்லாத இயல்பான தோலையும் சில வாரங்களில் முற்றாக வெளுக்க வைக்கலாம் என்றும் சொன்னது.

கிளிக்மேன் யார்? பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சில டாலர்களுக்காக முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தவர்கள். தோல் மருத்துவத்தின் பல பயனுள்ள மருந்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சிறை நிற்கிறது. மருந்தை இதற்காகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிறத்தை வெளுக்கும் அறிவியல், எவருடைய உடல் மலிவு என்ற கணக்கோடுதான் வளர்ந்தது என்பதை ஒடுக்கப்பட்டவர்கள் மறந்துவிடக்கூடாது என்கிறேன்.

இங்கே விளம்பரம் அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது. மகன் இல்லையே என்று அப்பா வருந்துகிறார், கறுத்த மகள் க்ரீம் பூசுகிறாள், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. இந்த விளம்பரத்தை எதிர்த்து அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் மனித உரிமை ஆணையம் வரை போராடியது, 2003இல் அது திரையிலிருந்து இறங்கியது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த 2020இல், ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். திருமணத் தளமான ஷாதி டாட் காமும் அதே ஆண்டு நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. நல்லது. ஆனால் ஃபிளாய்டுக்காக ஒரு சொல்லை மாற்றிய நாட்டில், சேரிக்காகவும் காலனிக்காகவும் அதற்கு முந்தைய 45 ஆண்டுகளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

தமிழ்த் திரைக்கு நம் பங்கையும் சொல்ல வேண்டும். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை இரண்டையும் எடுத்து, முகத்தில் கரி பூசிய இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்களைப் பார்த்தாலே ஓட வேண்டும் என்று நகைச்சுவை செய்தார்கள். அரங்கம் சிரித்தது. அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த கறுத்த பெண் குழந்தைகள் என்ன செய்திருப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இன்று மருந்துக் கடையில் நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

கழுத்துக் கறுப்பைப் பார்க்கும் கண்

பள்ளியில் ஒரு குழந்தையின் கழுத்து மடிப்பு கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல இருக்கிறது. ஆசிரியர் என்ன சொல்கிறார்? “தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?” வீட்டில் பீர்க்கங்கூடு எடுத்துத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கிறது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று அதற்குப் பெயர். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாகவே பெரும்பாலும் அது வரும். நாளைக்குச் சர்க்கரை நோய் வரலாம் என்று தோல் முன்கூட்டியே எழுதிக்காட்டும் எச்சரிக்கை. பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறோடும் வரும். செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை.

கண் முன்னால் இருக்கும் நோய்க்குறி ஏன் அழுக்காகத் தெரிகிறது? பார்க்கும் கண்ணில் சாதி இருக்கிறது. கறுப்பு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் தீட்டு, தீட்டு என்றால் ஒதுங்கி நில் என்ற படிக்கட்டை இந்தச் சமூகம் ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு தோலைப் பார்ப்பவருக்கு நோய் தெரியாது. விரல் கணுக்கள் கறுப்பது பி-12 ஊட்டச்சத்துக் குறைவாக இருக்கலாம். பொட்டு வைக்கும் இடம் கறுப்பது ஸ்டிக்கர் பொட்டின் பசையாலோ குங்குமத்தின் சாயத்தாலோ வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். நெற்றி ஓரமும் காதோரமும் கறுப்பது தலைச்சாயமாக இருக்கலாம். நிறம் குறைந்து உணர்ச்சியற்றுப்போன திட்டு தொழுநோயாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே குழாயை நீட்டுகிறவர் மருத்துவம் பார்க்கவில்லை, கறுப்பை அழிக்கிறார்.

நிறத்தில் சாதி தெரியுமா?

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: “கறுத்த பார்ப்பனர் இல்லையா, சிவந்த தலித் இல்லையா? நிறத்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு?”

அவர் சொல்வதில் பாதி சரி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று நம்பினார். அண்ணல் அம்பேத்கர் அந்த அளவுகோலையே எடுத்து அவர்கள் வாதத்தை உடைத்தார். சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனக்குழுவினர், பஞ்சாப் பார்ப்பனரும் சாமரும் ஒரே இனக்குழுவினர் என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எழுதினார். 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமில்லை என்று விரிவாகவே நிறுவினார். அறிவியலும் அதற்கு எதிராகப் பேசவில்லை. மெலனின் உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உருவாக்கும் நிறத்துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு.

அவர் விட்ட மீதிப் பாதி இது. நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் சாதியச் சமூகம் நிறத்தைப் பார்த்தே நடத்தும். கேட்க முடியாத இடத்தில் அது ஊகிக்கும். ஆலைப் பேருந்தில், விடுதி அறையில், வாடகை வீட்டு வாசலில் நேரடியாகச் சாதி கேட்கக் கூச்சப்படுகிறவர் முகத்தைப் படிக்கிறார். ‘பார்த்தா அந்த ஆளுங்க மாதிரி தெரியல’ என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார். எல்லாச் சாதிக்குள்ளும், ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள்ளும், கறுத்த மகளுக்கு நகை கூடுதலாகக் கேட்கிறார்கள். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற வாக்கியத்தில் அந்த ‘இருந்தாலும்’ எங்கிருந்து வந்தது? சாதி ஒருவரின் பிறப்பைக் குற்றமாக்குவது போல, நிறம் ஒரு பெண்ணின் தோலைக் குற்றமாக்குகிறது. குழாய் விற்பவர் அந்தக் குற்றத்துக்குத்தான் பரிகாரம் விற்கிறார். பரிகாரம் விற்றுப் பிழைப்பது இந்த நாட்டில் புதிய தொழிலா என்ன?

வேலை போடும் புள்ளி

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் போனது. சந்தூர்ப் பக்கத்து மாங்காய் எங்கெல்லாமோ போகிறது. காம்பு உடைந்ததும் பீய்ச்சும் மாம்பால் தோலில் பட்டால் வெந்து புண்ணாகும், ஆறிய பின் கறுந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பறிப்பவர், தரம் பிரிப்பவர், கூடை தூக்குபவர் கைகளிலும் கழுத்திலும் பாருங்கள். சாறு டப்பாவில் அடைபட்டு ஏற்றுமதியாகிறது, பால் தெறித்த தழும்பு இங்கேயே இருக்கிறது.

கட்டட வேலையில் சிமெண்டில் உள்ள குரோமியம் கையை அரித்துக் கறுக்க வைக்கும். வெல்டிங் பொறியின் புற ஊதாக் கதிர் முகத்தைச் சுடும். பசை, கரைப்பான், பெயிண்ட் எல்லாம் அழற்சி உண்டாக்கக்கூடியவை. அழற்சி அடங்கிய இடத்தில் கறுப்பு நிற்பது நம் நிறத்துத் தோலின் இயல்பு. வெயிலிலும் அனலிலும் நாள் முழுக்க நிற்பவருக்கு மங்கு கூடும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் அதோடு சேர்ந்தால் இன்னும் கூடும். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும்.

ஆக, வெயிலில் நிற்க வைத்தது யார், கையுறை கொடுக்காதது யார் என்ற கேள்விகள் முதலில் வர வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ரசாயனமும் பெயிண்டும் பட்டு வரும் தோல் அழற்சியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே பட்டியலிட்டது. நூறு நாள் வேலைச் சட்டம், பணியிடத்தில் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் ஓய்வு நேரமும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்று எழுதி வைத்தது. சட்டம் தொழில்நோய் என்றதைச் சந்தை அழகுக் குறை என்று மாற்றிவிட்டது. தொழில்நோய் என்றால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். அழகுக் குறை என்றால் அந்தப் பெண் தன் காசில் குழாய் வாங்க வேண்டும்.

இந்த மண்ணிலேயே இதற்கு நேர்மாறான ஒரு பாடம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பல்லைப் பார்த்தே ஊரைச் சொன்னார்கள். பல் துலக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனம் செய்தார்கள். காரணம் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு. அதற்கு அரசு பற்பசை விற்கவில்லை. ஜப்பான் நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்து 2013இல் திறந்தது. கறை உடலில் இருந்தாலும் காரணம் வெளியே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதால்தான் குழாயில் காவிரி வந்தது. பல்லுக்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தைத் தோலுக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

‘கறுப்பே அழகு’ என்கிற தோழர்களுக்கு

இனி நம் பக்கம். மங்கு வந்த பெண் மருந்து கேட்டால் நம்மில் சிலர் உடனே வகுப்பெடுக்கிறோம்: கறுப்பு நம் அடையாளம், க்ரீம் பூசுவது தன்வெறுப்பு, பெரியார் கறுப்புச் சட்டை போடச் சொன்னார்.

பெரியார் 1945இல் கறுப்புச் சட்டைப் படை அமைத்தபோது கறுப்பை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த மக்கள்மீது சுமத்தப்பட்ட இழிவின் அடையாளமாகத்தான் அதை அணியச் சொன்னார், இழிவு ஒழியும்வரை. கறுப்பைப் போற்றிப் பாடிவிட்டு இழிவை அப்படியே விட்டுவைப்பது அவர் காட்டிய வழி அல்ல.

1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் அம்பேத்கர் என்ன பேசினார்? தீண்டப்படாதவர் என்று பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும் உடையையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடுங்கள், நன்றாக உடுத்துங்கள் என்றார். அதைத் தன்வெறுப்பு என்று யாராவது சொல்வோமா? நன்றாகத் தோன்ற விரும்புவது ஒடுக்கப்பட்டவருக்கு ஓர் அரசியல் உரிமை. 2012 நவம்பர் 7 அன்று, பக்கத்து தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதையொட்டிய நாட்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பொருளில் பேசினார். நம் பிள்ளைகள் அழகாக உடுத்துவதே குற்றம் என்று சொல்கிற ஊரில், முகத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு நாமும் குற்றப்பத்திரிகை வாசிக்கலாமா?

ஒரு வேறுபாட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வோம். மகாடில் கழற்றச் சொன்ன நகை, சாதி மாட்டிவிட்டது. தோல் யாரும் மாட்டிவிட்டதல்ல, கழற்றவும் முடியாது. மங்கும் தழும்பும் புள்ளியும் தோலுக்கு வந்தவை, அவற்றுக்கு மருத்துவம் உண்டு. நிறம் தோலுடையது, அதற்கு மருத்துவம் தேவையில்லை. மருந்து கேட்கும் பெண்ணிடம் ‘நீ அப்படியே அழகு’ என்று சொல்லி அனுப்பினால், அவள் நேராகக் குழாய்க் கடைக்குத்தான் போவாள். கவிதை சொன்ன நாம் அவள் முகம் வெந்துபோவதற்கு உடந்தை ஆகிறோம்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. வேலை செய்யும்போது தொப்பி, துண்டு, முழுக்கை சட்டை போட்டுக்கொள். முடிந்தால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூசு. மங்குக்கு, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை இன்னும் நல்லது. பருவும் தழும்பும் போட்ட கறுப்பு, கிள்ளாமல் தேய்க்காமல் விட்டால் மாதங்களில் மங்கும். மங்கு அடங்கும், திரும்பவும் வரும், அது உன் தவறல்ல. எலுமிச்சையும் பேக்கிங் சோடாவும் தேய்க்காதே. லேசருக்கு அவசரப்படாதே, நம் நிறத்துத் தோலில் தவறாகப் பட்டால் புதுக் கறுப்பைப் போட்டுவிடும். ஸ்டீராய்டு குழாயை மாதக்கணக்கில் பூசியிருந்தால், தோல் மருத்துவரைப் பார்த்து அவர் சொல்கிறபடி நிறுத்து. இதைச் சொல்ல நாம் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, அக்கறை இருந்தால் போதும்.

கேட்க வேண்டியவை

2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப்போக முடியாதவருக்கு அது தூரம். மாதத்தில் சில நாட்களாவது தோல் மருத்துவர் போச்சம்பள்ளி அரசு மருத்துவமனைக்கு வரட்டும், அதுவும் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வரக்கூடிய நேரத்தில். ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறது, நிர்வாகம் 3.25 விழுக்காடு கட்டுகிறது. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தோல் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேட்பது பிச்சையல்ல. வெயிலில் வேலை வாங்குகிற எவரும் தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் பாதுகாப்புக் கருவியாகத் தர வேண்டும், ஹெல்மெட் தருவதைப் போல. 2025இல் தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களில் சன்ஸ்கிரீன் மலிவு விலையில் கிடைக்கட்டும்.

மருந்து ஆய்வாளர்கள் 2018 ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போகட்டும். முகவரியில்லாத டப்பாக்களை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாதரசம் பார்க்கட்டும். சிவப்பழகு விளம்பரத்துக்குச் சிறைத் தண்டனை வரை விதிக்கும் சட்டத்திருத்த வரைவை ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. அதை எழுப்பி நிறுத்தக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆலை வாயிலில் துண்டறிக்கை கொடுக்கும்போது, கூலி உயர்வோடும் கழிவறையோடும் இதையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள், தோழர்களே. ‘இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று சிரிக்கும் ஆண் தோழரிடம், அவர் தன் மகனுக்குப் பெண் பார்த்தபோது என்ன நிறம் கேட்டார் என்று விசாரியுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.